முப்பதா, முப்பத்தேழா?

ஐயா,

ரேடியோகிராபி டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மண்டையோட்டுப் படங்களின் கோணங்களை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் குழம்புகின்றன. பிடரி எலும்பைப் படமெடுக்கும் டவுன்ஸ் நிலைக்கு ஒரு புத்தகத்தில் 30 பாகை, இன்னொன்றில் 37. எது சரி? தலையில் அடிபட்டவர்களை நேரே சி.டி.க்கு அனுப்புகிறார்கள். பிறகு இதை ஏன் படிக்க வேண்டும்?

ஒரு மாணவி, மன்னார்குடி

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டும் சரி. எந்தக் கோட்டிலிருந்து அளந்தது என்று எழுதாவிட்டால் இரண்டும் தவறு.

கண்ணின் வெளிமுனையிலிருந்து காதுத் துளைக்கு ஒரு கோடு. கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து அதே துளைக்கு இன்னொன்று. இடைவெளி ஏறத்தாழ 7 பாகை. முதல் கோடு பிலிமுக்குச் செங்குத்தாக நின்றால் எக்ஸ்ரே குழாய்க்கு 30 பாகை சாய்வு. இரண்டாவது நின்றால் 37. சுவாமிமலைச் சிற்பிகள் தென்னை ஓலையை மடித்துச் சிலைக்கு அளவெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்களும் ஓர் ஓலைக்கீற்றைத் தோழியின் முகத்தில் வைத்துப் பாருங்கள், புத்தகம் தேவைப்படாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாற்று நட்டு நட்டு முதுகு கூனிய பாட்டி ஒருவர் வந்தார். "மோவாயைக் கழுத்தோடு ஒட்டுங்கள்" என்று மூன்று முறை சொன்னேன். "அவ்வளவுதான் வரும் தம்பி" என்றார். அழுத்தப் போன என் கையைத் தட்டிவிட்ட மூத்தவர், தலையை வந்த மட்டில் விட்டு, குழாயை 7 பாகை கூடுதலாகச் சாய்த்தார். அந்த 37 இப்படிப்பட்ட கழுத்துகளுக்கானது.

மோவாயைத் தூக்கிக் கன்னத்துச் சைனஸை எடுக்கும் வாட்டர்ஸ் நிலையிலும் ஒரு 37 வரும், ஏமாந்துவிடாதீர்கள். அங்கே குழாய் நேராக நிற்கும். முதல் கோடுதான் பிலிமோடு 37 பாகை சாயும்.

எண்களைவிடப் பெட்ரஸ் எலும்பைக் கவனியுங்கள். உட்செவியைப் பொதிந்து வைத்திருக்கும் அதற்குப் பாறை என்ற பொருளில்தான் பெயரே. மலை பார்க்கத் திருச்சிக்குப் போகும் நம் டெல்டாக்காரர்களுக்கும் தலைக்குள் இரண்டு பாறைகள் உண்டு! படத்தில் வெள்ளைவெளேரென்று விழுந்து மற்றதை மறைக்கும். நெற்றியை பிலிமில் வைத்து நேராக எடுத்தால் கண்குழி நிறையப் பாறை. கால்டுவெல் என்ற நிலையில் குழாயைக் கால்பக்கம் 15 பாகை சாய்த்தால், கண்குழியின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். வாட்டர்ஸில் கன்னத்துச் சைனஸுக்கும் கீழே போய்விட வேண்டும். சைனஸின் அடிப்பகுதியை மறைத்துக்கொண்டு நின்றால், மோவாயைப் போதுமான அளவு தூக்கவில்லை.

சி.டி. பற்றி நீங்கள் சொல்வது நியாயம். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே காட்டினாலும், உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சி.டி. மேசையில் தலை கோணினால் வலக்காதும் இடக்காதும் ஒரே வெட்டில் வராது. அங்கும் லேசர் ஒளியை வைத்துக்கொண்டு இதே கண்முனையையும் காதுத் துளையையும்தான் தேடுவீர்கள். கழுத்தில் அடிபட்டிருக்குமோ என்ற ஐயம் இருந்தால் மட்டும் தலையைத் தொடவே கூடாது.

பாட்டியின் படம் என்னவாயிற்று என்றால், கோணம் கச்சிதம். பிடரி எலும்பின் நடுவே பளிச்சென்று ஒரு கொண்டை ஊசி. கழற்றச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். மறுபடியும் படுக்கவைத்தோம்.

அன்புடன்.