ஜாக்கெட் கை ஏறவில்லையா? தள்ளிப்போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 51 வயது. இடது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து பத்து மாதம் ஆகிறது. அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஒரு மாதமாக இடது கை கனக்கிறது, ஜாக்கெட் கை ஏறவில்லை. "அந்தக் கையால் சொம்புத் தண்ணீர்கூடத் தூக்காதே" என்கிறார் மாமியார். உயிர் பிழைத்ததே பெரிது, இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: சொல்லுங்கள் அம்மா, இந்த வாரமே சொல்லுங்கள். சமைக்க, தலை பின்ன, தூங்க எல்லாவற்றுக்கும் வேண்டிய கை அது.

கையின் திசுக்களில் சேரும் நீர்தான் நிணநீர்; அது அக்குள் வழியாகத்தான் திரும்ப வேண்டும். நெறிக்கட்டிகளை எடுத்து, அங்கே கரண்டும் வைத்தால் அந்த வழி குறுகிவிடும். நீர் கையிலேயே தேங்கும். லிம்ஃபெடீமா என்பது இதுதான். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிற கட்டத்திலேயே வந்துவிட்டால் நன்றாகக் குறைக்கலாம். நாளானால் தோல் தடித்து இறுகிவிடும், அப்புறம் சிரமம். ஆனால் வீக்கம் புதிது என்பதால், ரத்தக்கட்டியோ நோய் திரும்பியதோ காரணமில்லை என்று டாக்டர் முதலில் உறுதி செய்யட்டும்.

இன்றே தையல் டேப்பை எடுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலேயும் 10 செ.மீ. கீழேயும் இரண்டு கைகளையும் அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய வீக்கம். அதைவிடக் குறைவாக இருந்தாலும், கை கனக்கிறது என்பதே போதுமான காரணம்.

சிகிச்சையில் முக்கியமானது கம்ப்ரஷன் ஸ்லீவ், அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் உறை. உங்கள் கைக்கு அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கி நீங்களே இறுக்கிச் சுற்றாதீர்கள். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்யும் நிணநீர் மசாஜ், தோலை மெல்ல நகர்த்துவது மட்டுமே. எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது வேண்டாம். நீர் பிரியும் மாத்திரையும் இதற்கு உதவாது.

உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். முன்பு டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 2009இல் அமெரிக்காவில் கைவீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மேற்பார்வையோடு, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டி வாரம் இரண்டு முறை பளு தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவது குறைந்தது, கையில் பலமும் ஏறியது. தசை சுருங்கி விரிவது நிணநீர் நகர உதவும். ஆகவே சொம்பைத் தூக்கலாம், துணி உலர்த்தலாம். தண்ணீர்க் குடம் மட்டும் பிசியோதெரபிஸ்டைக் கேட்ட பிறகு.

காய் நறுக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது கவனம். சின்னக் கீறல் பட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அளந்து எழுதிய தாளை டாக்டரிடம் காட்டுங்கள். ஏறாத அந்த ஜாக்கெட்டையும் எடுத்துப் போங்கள்.