தாய்மாமன் கிரியோன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சோஃபோக்ளிஸின் கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி' இந்த வருஷம் எங்களுக்குப் பாடம். 'அரசுக்கும் தனிமனிதருக்கும் நடக்கும் மோதல்' என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கோ யார் யாருக்கு என்ன உறவு என்பதே பிடிபடவில்லை.
- கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

பதில்: உறவு பிடிபடாமல் அந்த மோதலைப் படித்துப் பிரயோசனமில்லை, அம்மா. புதுச்சேரிக் கல்லூரியில் இதை நடத்திய காலத்தில் முதல் நாள் நான் பலகையில் போட்டது வம்சப் படம்தான்.

தீப்ஸ் நகரத்து அரசன் ஈடிபஸ். யாரென்று தெரியாமலே அப்பாவைக் கொன்று, யாரென்று தெரியாமலே தாய் யோகாஸ்தாவை மணந்தவன். அவர்களுக்கு நான்கு பிள்ளைகள்: பாலினைசிஸ், எட்டியோக்ளிஸ், ஆன்டிகனி, இஸ்மினி. யோகாஸ்தாவின் உடன்பிறந்தவன் கிரியோன். கிரியோனின் மனைவி யூரிடிசி, மகன் ஹைமன்.

இப்போது முறை வைத்துப் பார். ஆன்டிகனிக்குக் கிரியோன் அம்மாவோடு பிறந்தவன், ஆகவே தாய்மாமன். அவன் மகன் ஹைமன் அவளுக்கு முறைப்பையன், நிச்சயமும் ஆகிவிட்டது. ஆக, கிரியோன் வருங்கால மாமனாரும்கூட. அப்பா வழியாகப் போனால் தலை சுற்றும். ஈடிபஸுக்கும் யோகாஸ்தா தாய்தானே? அப்போது கிரியோன் ஈடிபஸுக்கே தாய்மாமன், ஆன்டிகனிக்குத் தாத்தா முறை. ஹைமன் அவள் அப்பாவுக்கு மாமன் மகன் என்பதால் அவளுக்கு மாமா முறையும் ஆகிறான். எந்த வழியில் எண்ணினாலும் நம் ஊர்ப் பாட்டிகள் அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் சொல்வார்கள்! ஏதென்ஸிலும் இப்படி நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்வது வழக்கம்தான்.

அப்புறம் கதை. அரியணைக்காகச் சண்டை போட்டு அண்ணன் தம்பி இருவரும் ஒருவரை ஒருவர் குத்திச் சாகிறார்கள். பதவிக்கு வந்த கிரியோன், நகரத்தைக் காத்த எட்டியோக்ளிஸுக்கு மரியாதையோடு அடக்கம் செய்கிறான். படை திரட்டி வந்த பாலினைசிஸை நாய்க்கும் பறவைக்கும் விடச் சொல்கிறான். மீறுபவரை ஊரார் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்பது ஆணை.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. பாலினைசிஸுக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. அப்படிப்பட்டவனுக்குக் காரியம் செய்ய வேண்டிய ஆண் யார்? மிச்சமிருக்கும் நெருங்கிய பெரியவன் தாய்மாமன் கிரியோன்தான். செய்ய வேண்டியவனே செய்யக்கூடாது என்று பறையறைவிக்கிறான். அவன் தட்டிக் கழித்த கடமையைத்தான் அந்தப் பெண் கை மண்ணாக அள்ளிப் போடுகிறாள். அரசு, சட்டம் என்பதெல்லாம் இதற்கு மேல் வருவது. அவன் பேச்சையே கவனி. "இவள் என் சகோதரி மகளாக இருந்தாலும் சரி, அதைவிட நெருங்கியவளாக இருந்தாலும் சரி, தப்ப முடியாது" என்ற பொருளில் பேசுகிறான். உறவு அவனுக்கு உறுத்துகிறது, அதனால்தான் அதை எடுத்துப் பேசுகிறான். கல்லெறி தண்டனையும் குகையில் அடைப்பதாக மாறிவிடுகிறது. ஊரார் அவள் பக்கம் பரிதாபப்படுகிறார்கள் என்று ஹைமன் வந்து சொன்ன பிறகுதான் அந்த மாற்றம். எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.

கடைசியில் கண் தெரியாத குறிசொல்லி டைரீசியஸ் எச்சரித்ததும் கிரியோன் ஆடிப்போகிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தை அடக்கம் செய் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அவன் போய் முதலில் பாலினைசிஸின் மிச்ச உடலைக் கழுவி, எரித்து, மேடு எழுப்புகிறான். தாய்மாமன் செய்ய வேண்டியதைச் செய்தே விட்டான், அதுவும் குறைவில்லாமல். குகைக்குப் போவதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள்.

கேள்வி: இஸ்மினி கோழைதானே?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லவே இல்லை. விடியலுக்கு முன் அக்கா தங்கை பேசும்போது அவள் பயப்படுவது உண்மை. ஆனால் ஆன்டிகனி மாட்டிக்கொண்ட பிறகு தானும் செய்தேன் என்று வந்து நிற்கிறாள், சாவிலும் பங்கு கேட்கிறாள். கொடுக்க மறுப்பவள் ஆன்டிகனி. உன் மகனுக்கு நிச்சயித்த பெண்ணையா கொல்லப் போகிறாய் என்று கிரியோனிடம் கேட்பவளும் இஸ்மினிதான். உழுவதற்கு வேறு நிலம் இருக்கிறது என்கிறான் அந்தப் பெரிய மனுஷன்! குகைக்குப் போகிற வழியில் ஆன்டிகனி, அரச குலத்தில் மிஞ்சியவள் நான் ஒருத்திதான் என்று புலம்புகிறாள். தங்கை உயிரோடு இருக்கும்போது! செத்த அண்ணனுக்காக உயிரைக் கொடுப்பவள் இருக்கிற தங்கையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எனக்கு ஆன்டிகனியைப் பிடிக்கும். இந்த இடத்தில் மட்டும் பிடிக்காது.

கேள்வி: பிரான்சிலிருந்து சித்தி கொண்டுவந்த புத்தகத்தில் ஆன்டிகனிக்கு ஒரு செவிலித்தாய் இருக்கிறாள், ஹைமனோடு காதல் காட்சியும் இருக்கிறது. தமிழில் படித்த கதைச் சுருக்கத்தில் இரண்டும் இல்லையே?
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: நீங்கள் படித்தது பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூயி எழுதியது. ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்த 1944-இல் மேடையேறியது. அவர் டைரீசியஸை எடுத்துவிட்டு, செவிலியைச் சேர்த்தார். இஸ்மினியையும் அக்காவாக்கினார்.

சோஃபோக்ளிஸ் எழுதியது கி.மு. 441 வாக்கில். அதில் ஆன்டிகனியும் ஹைமனும் மேடையில் ஒரு தடவைகூடச் சந்திப்பதில்லை. அவள் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுதவன் அப்பாவைப் பார்த்ததும் முகத்தில் துப்பி, வாளை ஓங்கி, குறி தவறி, தன்னையே குத்திக்கொண்டான் என்று தூதன் வந்துதான் சொல்கிறான். எனக்கென்னவோ அந்தக் காதல் காட்சி இல்லாததே நல்லது என்று தோன்றுகிறது.

கேள்வி: சோஃபோக்ளிஸின் 'ஈடிபஸ் மன்ன'னில் நல்லவனாக வரும் கிரியோன் இதில் எப்படிக் கெட்டவன் ஆனான்?
- ஆசிரியர், நெய்வேலி

பதில்: ஆகவில்லை. 'ஆன்டிகனி'தான் முதலில் எழுதப்பட்டது. மற்றது பல வருஷம் கழித்து வந்த தனி நாடகம். ஒரே பெயர், வேறு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண்டு விழாவில் இந்த நாடகத்தைச் சுருக்கிப் போடுகிறோம். பிணத்துக்குக் காவலிருக்கும், சோகத்துக்குப் பொருந்தாத அந்தக் காவலனை வெட்டிவிடலாமா?
- நாடகக் குழு ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கூடாது. உங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கூத்தில் கட்டியங்காரனை வெட்டுவீர்களா? ராஜா முன்னால் நின்று, வருவதா திரும்புவதா என்று வழியெல்லாம் யோசித்த கதையை இழுத்துப் பேசுகிறானே, அவனிடம்தான் கிரியோன் முதலில் சிடுசிடுக்கிறான். அது இல்லாமல் பின்னால் வரும் கோபம் எடுபடாது. பாட்டுகளைக் குறையுங்கள். யூரிடிசிக்கு மொத்தம் ஒன்பது வரிதான், அதற்காக அவளையும் விட்டுவிடாதீர்கள். மூத்த மகன் மெகாரியஸை ஏற்கெனவே இழந்தவள், ஹைமனும் போனதைக் கேட்டு வாய் பேசாமல் உள்ளே போய் உயிரை விடுகிறாள், புருஷனைச் சபித்தபடி. ஆள் பற்றவில்லை என்றால் இஸ்மினியாக நடிக்கும் மாணவியையே போடுங்கள். இஸ்மினி நாடகத்தின் பாதியிலேயே உள்ளே போய்விடுவாள், உடை மாற்ற வேண்டிய நேரம் இருக்கும். ஏதென்ஸிலும் மூன்றே ஆண் நடிகர்கள் முகமூடியை மாற்றி மாற்றித்தான் அத்தனை பாத்திரத்தையும் ஆடினார்கள்.