பிரேக் பைப்: கேட்டவர்களுக்குப் பதில்

நுவரெலியாவில் கராஜ் வேலை பார்க்கிறேன். பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்தான் பிரேக் பைப். அதை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும், கேட்டவர் ஊர் பெயரோடு.

ஹட்டன்: வேனின் பின் பைப் துருப்பிடித்து ஒழுகுகிறது. இரும்பு, செம்பு, செம்பு-நிக்கல் என்கிறார்கள். எதைப் போட?

செம்பு-நிக்கல். செம்போடு 10 சதவீதம் நிக்கலும் கொஞ்சம் இரும்பும் கலந்தது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். இரும்பும் தப்பில்லை, பெரும்பாலான வண்டிகளில் முதலில் வருவது அதுதான். ஆனால் வளைக்கும்போது மேல்பூச்சு உரிந்தால் அங்கேதான் துரு தொடங்கும். கழற்றிய பைப்பைப் பாருங்கள்: வெளியே தெரியும் இடம் நன்றாக இருக்கும். கிளிப்புக்கு அடியில், சேறு காயாமல் கிடந்த இடம் மட்டும் நகம் பட்டாலே பொருக்காக உதிரும்.

பொகவந்தலாவை: குளிர்சாதனப் பெட்டிக்கு (பிரிட்ஜ்) வரும் செம்பு பைப் துண்டு இருக்கு பாஸ். அதே 3/16 அங்குலம். போடலாமா?

வேண்டாம் தம்பி. ஓங்கி மிதித்தால் பிரேக் பைப்பில் அழுத்தம் 100 பார் தாண்டிப் போகும். பிரிட்ஜ் பைப்பை யாரும் அதற்காகச் செய்யவில்லை. பிரேக்குக்கென்றே விற்கும் செம்பு கூட, கிளிப் இல்லாமல் ஆடினால் விறைத்துப்போய் வெடிப்பு விடும்.

மஸ்கெலியா: தோட்டத்துச் சின்ன லொறி. உரம் ஏற்றுகிறோம். எந்த பைப் நல்லது?

உரம் மழையில் கரைந்து சேசிஸுக்கு இறங்கினால் இரும்பை அரிக்கும். அமோனியா செம்பையும் விடாது. செம்பு-நிக்கல் அதைவிடத் தாங்கும். எதைப் போட்டாலும், உரம் ஏற்றிய அன்றே அடியில் தண்ணீர் அடியுங்கள்.

வெலிமடை: ஸ்டெயின்லஸ் ஸ்டீல்?

உறுதிதான். ஆனால் பிளேர் அடிப்பதற்குள், அதாவது பைப் நுனியை விரித்து மடிப்பதற்குள், உயிர் போய்விடும், ஒழுகாமல் உட்கார வைப்பதும் கஷ்டம்.

பண்டாரவளை: ஜப்பான் காருக்குப் புது பைப் போட்டேன். நட்டை இறுக்க இறுக்க ஒழுகுகிறது.

இறுக்கினால் நிற்காது, நட்டின் புரிதான் போகும். ஜப்பான் வண்டிகளில் வழக்கமாக வருவது உள்ளே மடித்த இரட்டை பிளேர். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் குமிழ் போல இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. வெட்டிவிட்டு மறுபடி அடியுங்கள். அதற்கு முன் நட்டைப் பைப்பில் கோர்த்துக்கொள்ளுங்கள், எனக்கே இன்னும் மறந்துபோகிறது.

புசல்லாவை: ரம்பொடை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி போகிறது. பைப் மாற்றினால் சரியாகுமா அண்ணே?

ஆறிய பிறகு பெடல் சரியாகிவிடுகிறதா? அப்படியென்றால் பைப் இல்லை, பிரேக் எண்ணெயாக இருக்கலாம். டொட் 4 என்ற தர பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரம் இழுத்த பிறகு அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் உள்ளே ஆவி, பெடல் அமுங்கும். கீழ் கியரில் இறங்குங்கள். எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?