இந்தியாவில் ஒன்றுக்கு மூன்று அறிவியல் அகாடமிகள் இருப்பது ஏன்?

இதற்கான காரணத்தை 1930களின் ஆளுமை மோதல்களில் தேட வேண்டும். இயற்பியலாளர் மேகநாத சாகாவின் முயற்சியால் 1930இல் அலகாபாத்தில் ஓர் அகாடமி தோன்றியது. ஆனால் அது தொடக்கத்தில் ஐக்கிய மாகாணங்களின் (பெரும்பாலும் இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) பெயரையே தாங்கியிருந்தது. நாடு முழுமைக்குமான அமைப்பொன்றை உருவாக்க 1934இல் இந்திய அறிவியல் மாநாடு என்ற அறிவியலாளர் அமைப்பு ஒரு குழுவை அமைத்தபோது, அதன் போக்கில் உடன்படாத சி.வி. ராமன் விலகி, அதே ஆண்டில் பெங்களூரில் தமது இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கி, 1970இல் மறையும் வரை அதன் தலைவராகவே நீடித்தார். ஒருவரே இவ்வளவு காலம் தலைமை வகித்தது ஆரோக்கியமானதா என்பது விவாதத்துக்குரியது. எனினும் ஆய்விதழ்களைத் தவறாமல் வெளியிட்டு அவர் உருவாக்கிய மரபு இன்றும் தொடர்கிறது.

அந்தக் குழுவின் வழிவந்த தேசிய அறிவியல் கழகம் 1935இல் கல்கத்தாவில் தொடங்கியது. நிலவியலாளர் லூயிஸ் ஃபெர்மார் அதன் முதல் தலைவர். பின்னர் டெல்லிக்கு இடம்பெயர்ந்த அக்கழகமே 1970இல் இந்திய தேசிய அறிவியல் அகாடமி என்று பெயர் மாற்றம் பெற்றது. பன்னாட்டு அறிவியல் அமைப்புகளில் இந்தியாவின் சார்பாக அமர்வது இதுவே.

சிறந்த ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்து உறுப்பினர்களாக்குவது, ஆய்விதழ்கள் வெளியிடுவது, அறிவியல் கொள்கை குறித்துக் கருத்துரைப்பது ஆகியவை மூன்றுக்கும் பொதுவான பணிகள். ஆய்வுக்கூடங்களை நடத்துவது இவற்றின் முதன்மைப் பணியன்று. மாணவர்களும் ஆசிரியர்களும் கோடைவிடுமுறையில் ஆய்வு நிறுவனங்களில் பயிற்சி பெறும் திட்டத்தை மூன்றும் இணைந்தே நடத்தி வந்துள்ளன.