மூன்றரை மாதச் சம்பளத்துக்கு ஒரு கைப்பை: முதலீடா, செலவா?

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 33, தனியார் நிறுவனத்தில் நல்ல வேலையில் இருக்கிறேன். ஷனேல் கிளாசிக் ஃபிளாப் பை ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, மீடியம் அளவு, கறுப்பு நிறம். அதன் விலை, கைக்கு வரும் என் சம்பளத்தில் மூன்றரை மாதத்துக்குச் சமம். சேமிப்பில் ஐந்து மாதச் சம்பளம் அளவுக்குப் பணம் இருக்கிறது, கல்விக் கடன் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டும். வட்டியில்லாத் தவணையில் 12 மாதத்தில் கட்டும் வசதியும் கிடைக்கிறது. "இதைச் செலவு என்று நினைக்காதீர்கள், முதலீடு, வருடா வருடம் விலை ஏறுகிறது" என்கிறார் விற்பனையாளர், என் தோழியும் அதையேதான் சொல்கிறாள். கணவரோ பைத்தியக்காரத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

விற்பனையாளர் சொன்னதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆளை மாட்டிவிடுகிறது. விலை ஏறியது நிஜம். நீங்கள் கேட்கும் அதே மீடியம் பையின் ஐரோப்பிய விலை 2019-க்குப் பிறகு ஐந்தே ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, 2024-ல் 10,000 யூரோவைத் தாண்டியது. இதைக் கேட்டால் யாருக்கும் 'அடடா, அன்றைக்கே வாங்கியிருக்கலாமே' என்றுதான் தோன்றும். ஆனால் ஏறியது யாருடைய விலை? கம்பெனி உங்களுக்கு விற்கும் விலை. அந்த விலைக்கு நீங்கள் யாருக்கும் விற்க முடியாது, ஏனென்றால் அந்த விலை கொடுக்கத் தயாராக இருக்கிறவர் நேராகக் கடைக்குப் போய்ப் புதுசாகவே வாங்கிக்கொள்வார், உங்கள் வீட்டு அலமாரியில் இருந்ததை ஏன் வாங்க வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 100-க்கு வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்துக் கடையில் அதே பை 140. நல்ல நிலையில் வைத்திருந்தீர்கள், பழைய பைச் சந்தையில் ஒருவர் 95-க்கு எடுக்கிறார் என்றே கொள்வோம். நடுவில் இருக்கும் மறுவிற்பனைத் தளம், சோதனை, விளம்பரம், உத்தரவாதம் என்று ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் உங்கள் கைக்கு வருவது 76. கடைக் கண்ணாடியில் 140 என்று எழுதியிருக்கும், உங்கள் கணக்கில் 76 இருக்கும். அதே 100-ஐ ஆண்டுக்கு 7 சதவீதம் தரும் ஏதாவது ஒன்றில் போட்டு மறந்திருந்தால் ஐந்து ஆண்டில் அது 140 ஆகியிருக்கும், அதை விற்கப் பெட்டியும் பில்லும் தேட வேண்டியதில்லை. நான் போட்ட எண்கள் ஒரு மாதிரிக்குத்தான், மாடலைப் பொறுத்து, காலத்தைப் பொறுத்து, பையின் நிலையைப் பொறுத்து மாறும். ஆனால் சில்லறை விலைக்கு வாங்கி, கமிஷன் போக விற்கிறவர் முதலில் அந்தப் பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும் என்பது மட்டும் மாறாது.

அப்படியென்றால் 'பை ஒரு முதலீடு' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரே ஒரு பையிலிருந்து. பாரிஸிலிருந்து லண்டன் போகும் விமானத்தில், எர்மெஸ் நிறுவனத் தலைவர் ஜான் லூயி துமாவும் நடிகை ஜேன் பிர்க்கினும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசியதில் உருவாகி, 1984-ல் வந்தது பிர்க்கின் பை. பணம் இருந்தாலும் உள்ளே போய் ஒன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிட முடியாது, கடைக்காரர்தான் யாருக்குத் தருவது என்று முடிவு செய்வார். பிர்க்கின் வேண்டுமென்றால் முதலில் மற்ற சாமான்களை வாங்க வைக்கிறார்கள் என்று 2024-ல் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள், நீதிமன்றம் பிறகு அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. வரத்தை இப்படி இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் கடைவிலையைவிட மறுவிற்பனை விலை அதிகமாக இருக்கிறது. உங்கள் ஷனேல் பை இந்த வகையில் வராது. விலை அதிகம்தான், ஆனால் பணம் இருப்பவர் கடையில் வாங்கிக்கொள்ளக்கூடிய பொருள் அது.

உங்கள் தோழி சொன்ன கதைக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கலாம். 2016-ல் ஒரு ஆய்வு உலகம் முழுக்கச் சுற்றியது: பிர்க்கின் பை 35 ஆண்டுகளாக ஆண்டுக்குச் சராசரி 14.2 சதவீதம் ஏறியிருக்கிறது, தங்கத்தையும் அமெரிக்கப் பங்குச் சந்தையையும் தோற்கடித்துவிட்டது என்று. அதை வெளியிட்டவர்கள் பிர்க்கின் பைகளை விற்கும் ஒரு இணையதளம். அப்புறம், 1984-ல் பிறந்த பைக்கு 2016-ல் எப்படி 35 வயது ஆனது என்று கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு! ஆய்வு என்று யாராவது அனுப்பினால் சதவீதத்தைப் பார்க்கும் முன் அனுப்பியவர் என்ன விற்கிறார் என்று பாருங்கள். அந்தப் பிர்க்கினுக்கே கூட 2022-க்குப் பிறகு மறுவிற்பனைச் சந்தையில் கடைவிலைக்கு மேல் கிடைத்த கூடுதல் தொகை நன்றாகக் குறைந்துவிட்டது. 2025 ஜூலையில் ஒரு பிர்க்கின் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனதே என்று கேட்பீர்கள். போனது. அது ஜேன் பிர்க்கினுக்காகச் செய்து அவரே ஆண்டுக்கணக்கில் தூக்கித் திரிந்த முதல் பை. அதை வைத்து உங்கள் பைக்குக் கணக்குப் போட வேண்டாம்.

சரி, முதலீடு இல்லை. அப்போ தரம்? அவ்வளவு பணம் கொடுத்தால் அவ்வளவு உழைக்குமா? தரம் ஓரளவு வரை விலையோடு சேர்ந்து ஏறும், அதன் பிறகு விலை மட்டும் தனியாக ஏறிப் போய்விடும். எர்மெஸில் ஒரு கைவினைஞர் ஒரு பையைக் கையால் தைத்து முடிக்கிறார், அந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெயர் பெற்ற எல்லாப் பையும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். 2024-ல் இத்தாலியின் மிலான் நகர அரசு வழக்குரைஞர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணங்களில், 2,600 யூரோவுக்கு விற்கும் ஒரு டியோர் பையைத் தைத்துக் கொடுக்க ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்த கூலி 53 யூரோ என்று இருந்தது. தோல் முதலான பொருள்களின் விலையும் வடிவமைப்புச் செலவும் இதில் சேரவில்லை, அதையெல்லாம் சேர்த்தாலும் இடைவெளி எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். லூயி வுய்ட்டானின் பழுப்பு மோனோகிராம் பைகளைப் பார்த்திருப்பீர்கள், அதன் உடல் தோலே இல்லை, மேல்பூச்சு பூசிய பருத்தித் துணி. நன்றாக உழைக்கும் துணிதான், மழைக்கும் தாங்கும். ஆனால் நீங்கள் கொடுக்கும் விலை அந்தத் துணிக்கு இல்லை என்பது தெரிந்திருந்தால் போதும்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன், நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது இதுதான். சேமிப்பு ஐந்து மாதம், பை மூன்றரை மாதம். வாங்கிய மறுநாள் உங்களிடம் இருப்பது ஒன்றரை மாதச் சம்பளம், தோளில் ஒரு பை, தலையில் கல்விக் கடன். வேலை போனாலோ வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலோ அந்தப் பையை அவசரத்துக்கு விற்க வேண்டி வரும், அவசரத்தில் விற்கிறவருக்கு 76 கூடக் கிடைக்காது. தவணையில் எடுத்தால் ஒரு வருடம் முழுக்க மாதச் சம்பளத்தில் சுமார் 29 சதவீதம் அதற்கே போகும், கல்விக் கடன் தவணை அதற்கு மேல். வட்டியில்லை என்கிறார்கள், சரி, ஆனால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மாதம் 3 சதவீதம் என்று சாதாரணமாகத் தெரியும் கிரெடிட் கார்டு வட்டி, கூட்டு வட்டியாக ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். ஒரு ஆடம்பரப் பொருளைக் கடனில்தான் வாங்க முடியும் என்றால் அது இன்னும் நம் வசதிக்குள் வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

'வருஷக்கணக்கில் உபயோகிப்பேன், ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பார்த்தால் குறைவுதான்' என்று மனசு ஒரு கணக்குப் போடும். அந்தக் கணக்கையும் போட்டே விடுவோம். மூன்றரை மாதச் சம்பளம் என்றால் ஏறக்குறைய 77 வேலை நாள். பத்து ஆண்டு வைத்திருந்து, ஆண்டுக்கு 25 முறை வெளியே எடுத்துப் போனால் ஒரு முறைக்கு இரண்டரை மணி நேர உழைப்பு. மோசமில்லை. ஆனால் ஆண்டுக்கு எட்டு முறைதான் என்றால் ஒவ்வொரு முறை தோளில் மாட்டும்போதும் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் வேலை செய்திருக்கிறீர்கள். உங்களுடையது எதுவாக இருக்கும்? மீடியம் ஃபிளாப்பில் போன், பர்ஸ், சாவி, ஒரு லிப்ஸ்டிக் போகும், மடிக்கணினியோ சாப்பாட்டு டப்பாவோ போகாது, ஆகவே அலுவலகத்துக்கு வேறு பைதான். மழை வந்தால் எடுக்க மாட்டீர்கள், கூட்டமான இடத்துக்கு எடுக்க மாட்டீர்கள், குழந்தைகள் இருக்கும் விருந்துக்கு யோசிப்பீர்கள். இப்போது உங்களிடம் இருப்பதிலேயே விலை கூடிய பையைப் போன வருடம் எத்தனை முறை எடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கணவர் பக்கமும் நான் நிற்கவில்லை. அடுத்தவர் செலவு எப்போதுமே பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும், அவர் போன தடவை மாற்றிய போனும் பழையது நன்றாக இருக்கும்போது மாற்றியதாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். சம்பாதிக்கிற பணத்தில் அழகான ஒரு பொருளை ஆசைப்பட்டு வாங்குவதில் தப்பே இல்லை. அதற்கு முதலீடு என்று பெயர் சூட்டி அனுமதி வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். செலவு என்று ஒப்புக்கொண்டுவிட்டால் கேள்வி எளிதாகிவிடும்: வாங்கிய நாளோடு இதன் மறுவிற்பனை விலை பூஜ்யம் என்றாலும் எனக்கு இது வேண்டுமா?

வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஐந்து மாதச் சேமிப்பைத் தொடாதீர்கள், அது அவசரத்துக்கு. கல்விக் கடன் தவணை வழக்கம்போலப் போகட்டும். தனியாக ஒரு கணக்கில் மாதம் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போட்டால் 18 மாதத்தில் பைக்கான பணம் சேர்ந்துவிடும், அவ்வளவு முடியாது என்றால் பாதியைப் போட்டு மூன்று ஆண்டு காத்திருங்கள். அதற்குள் விலை ஏறிவிடுமே என்பீர்கள். ஏறட்டும், அந்தப் பயத்தைக் காட்டித்தான் இன்றைக்கே விற்கப் பார்க்கிறார்கள். சேர்க்கும்போதே ஆசை வடிந்துபோனால் கையில் பணம் மிச்சம், என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு ஆறாவது ஏழாவது மாதத்திலேயே அது வேறு ஆசையாகிவிடுகிறது.

இன்னொரு வழி, பழையதை வாங்குவது. முதல் சொந்தக்காரர் அந்தப் பள்ளத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்டார், அவர் இழப்பு உங்களுக்குத் தள்ளுபடி. போலிகள் பயங்கரமான தரத்தில் வருகின்றன என்பதால் பணம் திருப்பித் தரும் உத்தரவாதம் எழுத்தில் தருகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். 2021-லிருந்து ஷனேல், பழைய வரிசை எண் ஸ்டிக்கருக்கும் அட்டைக்கும் பதிலாகச் சிப் வைக்கிறது, ஆகவே 'அட்டை இருக்கிறது, அசல்தான்' என்று யாராவது காட்டினால் பை எந்த ஆண்டுடையது என்று முதலில் கேளுங்கள். ஒரே ஒரு கல்யாணத்துக்காகத்தான் என்றால் வாடகைக்கு எடுத்து வேலையை முடித்துவிடலாம்.

எப்படி வாங்கினாலும் மேடு பள்ளமாக இருக்கும் கேவியர் தோலில் எடுங்கள், அது கன்றுத்தோல். ஆட்டுக்குட்டித் தோல் கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் நகம் பட்டாலே கோடு விழும். மூடிய பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், துணி உறையில் வையுங்கள், சங்கிலி தோலில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் இந்த விலைப் பொருளுக்கு அது பொருந்துமா என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் ஒரு பொருளுக்கு உச்சவரம்பு இருக்கும். பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள், என்றைக்காவது விற்க நேர்ந்தால் அவை இல்லாமல் விலை இன்னும் இறங்கும்.