ஆயிரத்துள் இப்பத்து

கேள்வி: தினமும் காலையில் கீதை, தேவாரம், பிரபந்தம் என்று ஏதாவது ஒரு வரியை உறவினர், நண்பர் குழுக்களில் பகிர்கிறேன். பலர் குழுவையே மியூட் செய்துவிட்டார்கள். ராமானுஜர் கோபுரம் ஏறிச் செய்ததைத்தானே நான் செல்போனில் செய்கிறேன்? நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். ஆனால் 'ஒரு வரி' என்கிறீர்களே, என் சண்டை அதோடுதான்.

ஒரு வரியைக் கிள்ளி அனுப்பும்போது முதலில் உதிர்வது அதன் விலாசம். குத்துவிளக்குப் படம், தங்க நிற எழுத்து, அடியில் 'கீதை' என்று ஒரு சொல். எந்த அத்தியாயம், எத்தனையாவது சுலோகம்? இருக்காது. அந்த இடைவெளியில்தான் கண்டதும் நுழைகிறது. 'எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது' என்று காலண்டரில் தொங்கி, சட்டம் போட்டு மாட்டப்பட்டு, இப்போது செல்போனுக்கும் வந்துவிட்டதே, அப்படி ஒரு சுலோகம் கீதையின் 700-இலும் இல்லை. இதை எழுதும்போதெல்லாம் எனக்குத் திட்டிக் கடிதம் வரும். வரட்டும், மறுபடியும் எழுதுவேன்.

உண்மையான சுலோகமும் கிள்ளினால் குறைப்படுகிறது. 'கடமையைச் செய், பலனை எதிர்பாராதே' என்று சுற்றுவது 2-ஆம் அத்தியாயம், 47-ஆவது சுலோகத்தின் சுருக்கம். அதன் நாலாவது பாதம் 'செயலற்றுக் கிடப்பதிலும் பற்று வைக்காதே' என்கிறது. போரிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட அர்ஜுனனுக்குச் சொன்னது. அவனை எழுப்ப வந்த அந்தப் பாதத்தைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

நம் பெரியவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. விலாசத்தைப் பாட்டுக்குள்ளேயே தைத்து வைத்தார்கள். சம்பந்தர் பதிகங்களின் கடைசிப் பாட்டில் அவர் பெயர் இருக்கும். அதற்குத் திருக்கடைக்காப்பு என்றே பெயர். நம்மாழ்வார் ஒருபடி மேலே போய் எண்ணிக்கையையும் வைத்தார். காட்டுமன்னார்கோயிலில் வைணவ ஆசாரியர் நாதமுனிகள் முன்னால் சிலர் 'ஆராவமுதே' பதிகத்தைப் பாடினார்கள். கடைசிப் பாட்டில் 'குருகூர்ச் சடகோபன்' என்று நம்மாழ்வாரின் பெயர் வந்தது. 'ஓராயிரத்துள் இப்பத்தும்' என்றும் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து இங்கே, மிச்சம் எங்கே? பாடியவர்களுக்குத் தெரியவில்லை. நம்மாழ்வாரின் ஊரான குருகூருக்கே போனார். அங்கும் ஓலை கிடைக்கவில்லை. நம்மாழ்வாரைப் போற்றி மதுரகவியாழ்வார் பாடிய 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' பதிகத்தைப் பன்னிரண்டாயிரம் தடவை ஓதி, நம்மாழ்வாரிடமிருந்தே பிரபந்தம் நாலாயிரத்தையும் பெற்றார் என்கிறது வைணவ ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை. அன்று பாடியவர்கள் முதல் இரண்டு வரி போதும் என்று நிறுத்தியிருந்தால்? நினைக்கவே எனக்குப் பகீரென்கிறது.

இன்றும் அப்படிப் பாடுபடுகிறவர்கள் உண்டு. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சம்பளம் இல்லாமல் தேவாரத்தையும் பிரபந்தத்தையும் எழுத்தெழுத்தாகத் தட்டெழுதினார்கள் தன்னார்வலர்கள். தட்டெழுதியவர், பிழை பார்த்தவர் பெயர்களை நூலின் தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். பாட்டை மட்டும் நகலெடுத்துவிட்டு அந்தப் பெயர்களை வெட்டுகிறார்களே, அது நன்றிகெட்ட வேலை. மெய்ப்புத் திருத்தியே கண் மங்கியவன் நான், எனக்கு வலிக்கிறது.

அப்புறம் ராமானுஜர். எல்லோருக்கும் கோபுரம் நினைவிருக்கிறது. அதில் ஏறி அவர் ஊரறியச் சொன்ன மந்திரத்தின் பொருளைக் குருவிடம் கேட்டு வாங்க, அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு தடவை நடந்ததை யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு வந்ததை அனுப்புவதற்கு முன் ஒரு தடவை மூலத்தைப் புரட்டிப் பாருங்கள், அது போதும்.

மியூட் செய்தவர்கள் மேல் வருத்தம் வேண்டாம். கீதையின் 18-ஆம் அத்தியாயம், 67-ஆவது சுலோகத்திலேயே, கேட்க விரும்பாதவனிடம் இதைச் சொல்லாதே என்று கண்ணன் சொல்லிவிட்டான். அடுத்த சுலோகம் உங்களுக்கு: பக்தர்களிடம் இதை எடுத்துச் சொல்கிறவன் என்னையே வந்தடைவான் என்கிறான். குழுவில் கேட்கிறவர் ஒருவராவது இருப்பார். நாளைக் காலை அவருக்கு 'ஆராவமுதே' பத்துப் பாட்டோடு, பெயர் வரும் கடைசிப் பாட்டையும் சேர்த்துப் பதினொன்றையும் அனுப்புங்கள். மேலே 'நம்மாழ்வார், திருவாய்மொழி 5-8' என்று எழுத மறக்காதீர்கள்.