எம்.ஏ. படிப்பா, நேரடிப் பயிற்சியா? அரசுப் பணியை விரும்பும் மகளின் தாய்க்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கும் உங்கள் மகள் ஆட்சிப் பணிக்குச் செல்ல விரும்புவதையும், சென்னையில் ஓராண்டுத் தனியார் பயிற்சிக்காக நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் யோசித்து வருவதையும் எழுதியிருந்தீர்கள். எம்.ஏ. சேர்ந்தால் இரண்டு ஆண்டுகள் வீணாகிவிடுமே என்பது உங்கள் கவலை. நகையை இப்போது தொட வேண்டாம். உதவித்தொகையோடு எம்.ஏ. படித்துக்கொண்டே தேர்வுக்கு அடித்தளம் போடுவதுதான் உங்கள் குடும்பச் சூழலுக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கான குடிமைப் பணித் தேர்வைப் பொதுப் பிரிவினர் 32 வயது வரை 6 முறை எழுதலாம். உங்கள் மகளைப் போன்று ஓ.பி.சி. சான்றிதழ் உள்ளவர்கள் 35 வயது வரை 9 முறை எழுதலாம். இப்போது 21 வயதாகும் அவர் எம்.ஏ. முடிக்கும்போது 23 வயதுதான் ஆகியிருக்கும் என்பதால், காலம் கடந்துவிடும் என்று பயிற்சி நிலையத்து விளம்பரங்கள் கிளப்பும் பதற்றத்துக்கு நீங்கள் இடம் கொடுக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுகலைத் தேசிய உதவித்தொகை மாதம் ரூ. 15,000 வீதம் ஆண்டுக்கு 10 மாதங்களுக்கு வழங்கப்படுகிறது. இளங்கலை மதிப்பெண்ணை வைத்து நாடு முழுவதிலுமிருந்து 10,000 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் 30 சதவீதம் பெண்களுக்கு உரியது. இரண்டு ஆண்டுகளில் 3 லட்சம் ரூபாய் கிடைத்தால், அரசுக் கல்லூரியின் கட்டணம் அதில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். மீதம் விடுதிக்கும் புத்தகத்துக்கும் தேர்வுக்கான இதழ்களுக்கும் போதும். முதலாண்டில் சேர்பவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும் என்பதால், ‘அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டால் வாய்ப்பு போய்விடும். ஒரே படிப்புக்கு இரண்டு அரசு உதவித்தொகைகளைச் சேர்த்துப் பெற விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

இந்த எம்.ஏ. எந்தெந்தக் கதவுகளைத் திறக்கும் என்பதுதான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படும் 1,750 மதிப்பெண்ணில் 500 விருப்பப் பாடத்துக்கு உரியது. பொருளாதாரத்தை விருப்பப் பாடமாக எடுப்பவருக்கு எம்.ஏ. வகுப்பறையே பயிற்சி நிலையமாகிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, மத்திய அரசில் பொருளாதாரம் படித்தவர்களுக்கென்றே இந்தியப் பொருளாதாரப் பணி என்று ஒன்று இருப்பதைப் பல பெற்றோர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதற்கான தேர்வையும் குடிமைப் பணித் தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி.தான் (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்துகிறது, முதல்நிலைத் தேர்வு கிடையாது, ஆனால் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் கட்டாயம், வயது வரம்பும் பொதுப் பிரிவினருக்கு 30 என்று சற்றுக் குறைவு. சில ஆண்டுகளில் இருபதுக்கும் குறைவான இடங்களே அறிவிக்கப்படுகின்றன என்பதால் அதை மட்டும் நம்பி இருக்கச் சொல்லமாட்டேன். ஆனாலும் பி.ஏ.வோடு நின்றுவிட்டால் அந்த விண்ணப்பப் படிவத்தையே நிரப்ப முடியாது.

தமிழக அரசின் முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டத்திலும் இதே நிலைதான். கலை, அறிவியல் படித்தவர்களுக்கு அங்கே முதல் வகுப்பில் முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். தேர்வானவர்கள் இரண்டு ஆண்டுகள் அரசுத் துறைகளுடன் இணைந்து பணியாற்றுகிறார்கள். 2024ஆம் ஆண்டுத் தொகுதிக்கு மாதம் ரூ. 65,000 ஊதியமும் ரூ. 10,000 இதரச் செலவும் அறிவிக்கப்பட்டன. இது நிரந்தர அரசு வேலை ஆகாது என்பதை உறவினர்களுக்கும் சொல்லி வையுங்கள். கோப்பு எப்படி நகர்கிறது, ஒரு திட்டம் மாவட்டத்தில் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை 25 வயதுக்குள் நேரில் பார்த்தவர் நேர்முகத் தேர்வில் பேசுவதற்கும், குறிப்புகளை மனப்பாடம் செய்தவர் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு சில நிமிடங்களிலேயே வெளிப்பட்டுவிடும்.

பயிற்சியே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எம்.ஏ. முடித்தபின், தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தின் மதிப்பீட்டுத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். அதில் தேர்வாகும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் ரூ. 7,500 வீதம் 10 மாதங்களுக்கும், முதல்நிலையில் வென்றால் ரூ. 25,000 ஒரே தவணையாகவும் ஊக்கத்தொகை கிடைக்கிறது. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள அரசின் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையத்தில் நுழைவுத் தேர்வு மூலம் தங்கிப் படிக்கும் வாய்ப்பும் உண்டு. இவ்வளவும் இருக்க, அடகுக் கடைக்கு ஏன் போக வேண்டும்?

தொகையைப் பார்ப்பதற்கு முன் நிபந்தனையைப் படியுங்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது உண்டு. 1892இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா நிறுவிய ஜே.என். டாட்டா அறக்கட்டளையின் உதவியால் படித்தவர்கள், 1924 வாக்கில் ஆங்கிலேயர் காலத்து ஆட்சிப் பணியான ஐ.சி.எஸ்.ஸில் இருந்த இந்தியர்களில் ஐந்தில் இரண்டு பங்காக இருந்தார்கள். ஆனால் அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் உதவித்தொகை. பரோடா மன்னர் அளித்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவியில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கர், திரும்பி வந்து பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுவதாகக் கையெழுத்திட்டிருந்தார். 1917இல் அங்கே பணியேற்றபோது, சாதியின் பெயரால் தங்குவதற்கு இடம்கூடக் கிடைக்காமல் விலக நேர்ந்தது. இன்றும் பிரிட்டன் அரசின் செவ்னிங் உதவித்தொகையில் படிப்பவர் முடித்ததும் தாய்நாடு திரும்பி இரண்டு ஆண்டுகள் இருந்தாக வேண்டும்; ஏற்கெனவே பணி அனுபவம் உள்ளவர்களுக்கானது என்பதால் அது உங்கள் மகளுக்குப் பின்னாளில் உதவும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் ரூ. 37,000 கிடைக்கும் என்பதால், ஆய்வில் எந்த நாட்டமும் இல்லாமல் விடுதி அறையில் இருந்து குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பதற்கென்றே பிஎச்.டி.யில் சேர்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வை விரும்பும் ஒருவருடைய இடத்தை அப்படி அடைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உங்கள் மகளுக்கு எம்.ஏ.யில் ஆய்வார்வம் பிறந்தால் அந்த வழியையும் தாராளமாகப் பரிசீலிக்கலாம். பொதுக் கொள்கை வகுப்பதில் ஆய்வாளர்களுக்கும் இடம் உண்டு.

இந்த வாரமே செய்ய வேண்டியது, சான்றிதழ்களில் பெயரைச் சரிபார்ப்பது. மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன் ஒற்றை முன்னெழுத்தும், ஆதாரில் பெயருக்குப் பின் தந்தையின் முழுப் பெயரும் இருப்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வழக்கமான சிக்கல். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் இணையதளம் இரண்டையும் வெவ்வேறு ஆளாக எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிறுத்திவிடக்கூடும். உதவித்தொகை நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருவதால், ஆதார் இணைந்த கணக்கு அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு மகளின் மதிப்பெண் பட்டியல் நகலை அனுப்புங்கள். எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதை அதைப் பார்த்தபின் எழுதுகிறேன்.